ஊர்ப் பெயர் மட்டும்

செய்தியாளருக்கும் அவள் மாமனாருக்கும் இடையே நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது வருடக்கணக்கில் ஓடியது. ஒருவர் பக்கம் மட்டும் நியாயம் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் சலித்துப்போயிருக்கும்.

நாடு முழுக்கத் தெரிகிற ஒரு சேனலுக்கு அவள் இந்த ஊரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்ல வேண்டும். அதில் சேனலுக்கு ஒரு விதி உண்டு. தலைநகரம் மாதிரியான நாலைந்து பெரிய ஊர்கள் தனிப் பெயரோடு வரலாம். மற்ற ஊர்களெல்லாம் மாநிலத்தின் பெயரையும் பின்னால் இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். யாருக்கும் தெரியாத ஊர் என்று அதற்கு அர்த்தம். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எவ்வளவு பெரிய ஊராயிடுச்சு மாமா! விமான நிலையம் வந்தாச்சு, ஆறு மாடி ஆஸ்பத்திரி வந்தாச்சு. இன்னும் மாநிலத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டுதான் ரோடு தாண்டணுமா?"

மாமா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்வீஸ் முழுக்க, பக்கவாட்டில் மாநிலத்தின் பெயர் பெரிதாக எழுதியிருந்த பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்தவர்.

"இனிஷியல் இல்லாம கையெழுத்துப் போடச் சொல்றியா? அப்பன் பேர் தெரியாத பிள்ளையா நம்ம ஊரு?"

"வளர்ந்த பிள்ளைய இன்னாரு பையன்னா கூப்பிடுவாங்க?"

"ஏன் கூப்பிட மாட்டாங்க? உன் புருஷன் இத்தனை பெரிய போர்டு வெச்சு மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துறான். ஜனங்க கண்டக்டர் பையன் கடைன்னுதானே வழி கேட்டு வர்றாங்க?"

அது உண்மைதான். நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர், "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார். உடனே இருவரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள். அந்த வீட்டில் எந்தச் சண்டையும் முடிவது இப்படித்தான்.

இந்த வருடம்தான் சண்டைக்குக் கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது. சேனல் ஆட்களைக் குறைக்கிறது. தனிப் பெயரோடு வரும் ஊர்களில் மட்டும் இனி அலுவலகம் இருக்கும். கூடுதலாக ஒரே ஒரு ஊரை அந்த வரிசையில் சேர்க்கப் போகிறார்கள். அது இந்த ஊராக இருந்தால் அலுவலகம் இங்கே வரும், அவள்தான் அதற்குத் தலைவி. இல்லாவிட்டால் அவள் மூட்டை கட்டிக்கொண்டு தலைநகருக்குப் போக வேண்டும். கண்ணாடிக் கடையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. மாமா தன் சாய்வு நாற்காலியை விட்டே நகர மாட்டார். ஆக, அவள் மட்டும் தனியாகப் போக வேண்டியதுதான்.

அதற்காக அவள் ஒரு தந்திரம் செய்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் நிறுத்துவாள். நன்றாக நிறுத்துவாள். பிறகுதான் மாநிலத்தின் பெயரைச் சொல்வாள். தலைநகரில் இருக்கும் வீடியோ எடிட்டர் அவசரத்தில் அந்த இடத்தில் வெட்டிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

"அக்கா, அந்த இடைவெளியில நான் போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்பான் முக்காலி. கேமராமேனான அவனுக்கு அந்தப் பெயர், எங்கே போனாலும் தோளில் கேமரா ஸ்டாண்டைச் சுமந்துகொண்டே திரிவதால் வந்தது.

புது மேம்பாலம் திறந்த அன்று அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்று பேசினாள். ஊர்ப் பெயர் சொல்லும்போது அவள் குரலிலேயே ஒரு பெருமிதம் ஏறியது. வழக்கம்போல் நீளமாக நிறுத்தினாள். அன்று எடிட்டர் நிஜமாகவே வெட்டினார். ஆனால் இடைவெளிக்கு முன்னால் இருந்ததை வெட்டிவிட்டு, பின்னால் இருந்ததை வைத்துக்கொண்டார். மாநிலத்தின் பெயர் மட்டும் கணீரென்று நாடு முழுக்க ஒலித்தது. அவ்வளவு பெரிய மேம்பாலம் எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

மாமா அன்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே காபி போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "எடிட்டருக்கு நான் ஒண்ணும் காசு குடுக்கலம்மா" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதமே அந்த மேம்பாலத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே இருந்த தளம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது.

நல்லவேளை, விடியும் நேரம். கீழே போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு தண்ணீர் லாரிதான். டிரைவர், இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. கான்கிரீட்டைத் தூக்கத்தான் வழியில்லை. ஊரில் இருந்த கிரேன்கள் அந்தப் பாரத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டன.

செய்தியாளரும் முக்காலியும் காலையிலிருந்து அங்கேயே நின்றார்கள். திறப்பு விழாவன்று அவள் நின்று பேசிய இடம் துண்டுதுண்டாகக் கிடந்தது. உலகத்துக்கே காட்டி மெச்சிக்கொண்ட பிள்ளை நடுத்தெருவில் விழுந்து கிடப்பது மாதிரி இருந்தது. எல்லாச் சேனல்களும் வந்துவிட்டன. எல்லார் வாயிலும் ஊர்ப் பெயர்தான். எவரும் மாநிலத்தைச் சேர்க்கவில்லை. தேவையே இல்லாமல் போய்விட்டது.

மதியத்துக்குள் பக்கத்து ஊர் துறைமுகத்திலிருந்து பெரிய கிரேன் ஒன்று வந்தது. மலைப்பக்க ஊரிலிருந்து சுரங்க வேலைக்காரர்கள் கான்கிரீட் அறுக்கும் கருவியோடு வந்து இறங்கினார்கள். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டால், "யாரு கூப்பிடணும்? டிவில பார்த்தோம், கிளம்பிட்டோம்" என்றார் அவர்களில் ஒருவர். லாரிக்குள் கையை நீட்டி டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்தபடி, "பயப்படாத தம்பி, மாமன் மச்சான் எல்லாரும் வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிரைவரை வெளியே எடுத்தபோது மாலை ஆகிவிட்டது. கால் முறிந்திருந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. முக்காலி அழுதுகொண்டே படம் பிடித்தான்.

அப்போதுதான் அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் செய்தி ஆசிரியரின் குரல் கேட்டது.

"நேரலை போகப் போறோம்மா. நல்லாக் கேட்டுக்கோங்க. முடிக்கும்போது ஊர் பேர் மட்டும் சொல்லுங்க, மாநிலம் வேண்டாம். இன்னிக்கு உங்க ஊரைத் தெரியாத ஆளே இல்ல. இன்னும் ஒரு மணி நேரத்துல அந்த ஒரு ஊரை முடிவு பண்ற கூட்டம் இருக்கு. இதைக் காட்டியே ஆபீஸை வாங்கிடறேன்."

அவள் இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. அது இந்த இடிபாட்டின் நடுவில்தானா வர வேண்டும் என்று இருந்தது.

"சார், இன்னிக்கு வேண்டாமே. இன்னிக்கு ஊர் தனியா நிக்கல. துணைக்கு மாநிலம் முழுக்க இருந்து இத்தனை பேர் வந்திருக்காங்க."

"அதெல்லாம் எனக்குப் புரியுது. கூட்டத்துல இருக்கிறவங்களுக்குப் புரியாதும்மா. மாநிலத்தைச் சேர்த்தா நீங்களே சின்ன ஊர்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் நான் எந்த முகத்தோட கேக்கறது?"

முக்காலி விரலை உயர்த்தினான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் டிரைவரைப் பற்றிச் சொன்னாள், கிரேனைப் பற்றிச் சொன்னாள், கருவிகளைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்த சுரங்க வேலைக்காரர்களைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாநிலத்தின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

காதில் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது.

வீடு திரும்புவதற்குள் முடிவு வந்துவிட்டது. அலுவலகம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் அவள் தலைநகரில் சேர வேண்டும். வீட்டு வாசலில் காத்திருந்த கணவரிடம் அதைச் சொன்னாள். அவர் அவள் தோளில் கிடந்த பையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே மாமா டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தன் பக்கம் ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"என்ன மாமா, உங்க மாநிலத்தைச் சொல்லிட்டேன். திருப்தியா?"

"அறிவு இருக்கா உனக்கு?" என்றார் அவர். "ஊர் பேர் மட்டும் சொல்லு, ஊர் பேர் மட்டும் சொல்லுன்னு இங்க உக்காந்து நான் கத்துறேன். நீ பாட்டுக்கு முழுசா ஒப்பிக்கிற!"

"நீங்களா மாமா?"

"பின்ன? மாநிலத்தைச் சொல்லாட்டி நீ இங்கயே இருந்திருப்பல்ல? மாநிலம் எங்கம்மா ஓடிப்போகப் போகுது? நீதானே போகப் போற."

இத்தனை வருடச் சண்டையில் அவர் ஓர் அங்குலம் இறங்கி வந்ததில்லை. இப்போது மொத்தமாக விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, மனம்விட்டு அழுதாள்.

"வேலைய விட்டுடட்டுமா மாமா?"

"விட்டேன்னா தோலை உரிச்சிடுவேன். போயிட்டு வா. மாசத்துக்கு ரெண்டு தடவை பஸ் ஏறு, படுத்துக்கிட்டே வந்துடலாம்." அவர் அவள் தலையில் கை வைத்தார். "ஆனா ஒண்ணு. அங்க யாராவது எந்த ஊர்னு கேட்டா, ஊர் பேரை மட்டும் சொல்லு. தெரியலன்னு முழிச்சான்னா, முழிக்கட்டும்."