வெல்டர் தலையை ஆட்டக்கூடாது

வெல்டருக்கு வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் அடிக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உடனே அவர் செய்த காரியம், பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரைத் திட்டியதுதான். "பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? மனுஷன் கண்ணு என்ன கடையிலயா விக்குது?" என்று தடுப்புக்கு மேலே எட்டிக் கத்தினார். அந்தப் பக்கம் ஆளே இல்லை. பட்டறை பூட்டிக் கிடந்தது. அப்போதும் மனிதருக்குச் சந்தேகம் வரவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே திருட்டுத்தனமாக வேலை செய்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

சொந்தக் கண்ணைச் சந்தேகப்படும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. இருபத்தாறு வருடமாக கேட்டும் கிரில்லும் மாடிப்படியும் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்த கண். வியாழக்கிழமை சாப்பிடும்போது அவர் தட்டுக்கு மேலே கையை வீசிக்கொண்டே இருந்தார். "எதை விரட்டுறீங்க?" என்று மனைவி கேட்டாள். "கொசு" என்றார். வீட்டில் கொசு இல்லை. மறுநாள் காலையில் அவரைப் பேசவே விடாமல் கண் டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு இளம்பெண். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, மேலே பார், கீழே பார் என்று நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விழித்திரையில ஒரு சின்ன ஓட்டை இருக்கு சார். அது வழியா தண்ணி உள்ள போச்சுன்னா, சுவர்ல பெயிண்ட் உரியற மாதிரி விழித்திரை உரிஞ்சுடும். அப்புறம் அந்தக் கண்ணுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. இன்னைக்கே லேசர் போட்டு, ஓட்டையைச் சுத்திப் புள்ளி புள்ளியா சுட்டு ஒட்ட வச்சிடலாம். பத்து நிமிஷ வேலைதான்."

பயப்பட வேண்டிய மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வெல்டிங்னு சொல்லுங்க!"

"கிட்டத்தட்ட அதேதான்."

"ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க டாக்டரம்மா. தகடு வளைஞ்சிடும்."

டாக்டர் சிரித்தாள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சொட்டு மருந்து வேலை செய்யும்வரை வெளியே உட்கார வைத்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் வெல்டர், யாரும் கேட்காமலேயே, தைரியம் சொன்னார். நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு லேசர் எம்மாத்திரம் என்றார். உள்ளே கூப்பிட்டபோது, "நீ இங்கேயே இரு, இப்ப வந்துடறேன்" என்று மனைவியிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

லேசர் அறை சின்னது, இருட்டு. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார்ந்தார். கண் மரத்துப்போக மருந்து விட்டு, பிசுபிசுவென்று ஏதோ தடவிய கண்ணாடி வில்லை ஒன்றை டாக்டர் கருவிழிமேல் வைத்துப் பிடித்தாள். "பச்சை வெளிச்சம் வரும். கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். அசையக் கூடாது. ரெடியா?"

வெல்டரின் தலை டக்கென்று கீழே போய் மேலே வந்தது. வில்லை கழன்று மடியில் விழுந்தது.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணலையே!" என்றார். அது உண்மையும்கூட. வெல்டிங் செய்கிறவருக்கு ஒரு கையில் ராடு, இன்னொரு கையில் இரும்பு. ஹெல்மெட்டை இறக்க மூன்றாவது கை கிடையாது. உச்சந்தலையில் தூக்கி நிற்கும் ஹெல்மெட், தலையை ஓர் ஆட்டு ஆட்டினால் முகத்துக்கு இறங்கும். அப்புறம்தான் நெருப்பு. ஒரு நாளைக்கு நூறு தடவை, இருபத்தாறு வருடம். வெளிச்சம் வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், தலை அவரைக் கேட்காமலேயே ஆடிவிடும்.

டாக்டர் பட்டையை இறுக்கினாள். "ஆரம்பிக்கலாமா?" தலை மறுபடி ஆடியது. மூன்றாவது தடவை அவள் வாயையே திறக்கவில்லை. ஆனால் லேசர் தயாரானதும் இயந்திரம் சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. தலை அதற்கும் ஆடியது.

டாக்டர் லேசரை இயக்கும் மிதியிலிருந்து காலை எடுத்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "நான் அழுத்தியிருந்தா, சுடக் கூடாத இடத்துல சுட்டிருப்பேன் சார். நடுப்பார்வையே போயிருக்கும். இப்படி ஆடினா இங்க பண்ண முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், மயக்கம் கொடுத்துப் பண்ணுவாங்க. ஆனா திங்கக்கிழமைக்கு முன்னாடி இடம் கிடைக்காது. அதுவரைக்கும் அந்த ஓட்டை சும்மா இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

நெருப்புக்குப் பயப்படாத மனிதர் தன் சொந்தத் தலைக்குப் பயந்தார். "என் வீட்டுக்காரியைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி அசரவே இல்லை. "இந்தத் தலை அப்படித்தான் டாக்டர். வீட்ல அடுப்பு பத்த வச்சாலும் ஆட்டுவாரு. எங்க கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோவுலயாவது இவரு முகம் இருக்கான்னு கேளுங்க. எல்லாத்துலயும் உச்சி வகிடுதான்." பையை ஓரமாக வைத்தாள். "நான் பிடிச்சுக்கறேன்."

அவளுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பின்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் தலையின் இரு பக்கமும் வைத்து அழுத்தினாள். குனிந்து காதோரம் சொன்னாள்: "இன்னைக்கு வெல்டர் நீங்க இல்லை, அவங்க. நீங்க கம்பியைப் பிடிக்கிற ஆளு. பிடிக்கிற ஆளு அசைஞ்சா நீங்க என்ன சொல்லுவீங்க?"

என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். பட்டறை வைத்த முதல் வருடம் கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. கேட் கம்பிகளைப் பிடித்துக்கொண்டது அவள்தான். இருந்தது ஒரே ஒரு ஹெல்மெட், அது அவர் தலையில். "கண்ணை மூடிக்கோ, அந்தப் பக்கம் திரும்பிக்கோ, அசைஞ்சா கோணிக்கும்" என்பார். தலையை ஆட்டுவார். கறுப்புக் கண்ணாடி இறங்கிவிடும். அப்புறம் தெரிவதெல்லாம் நெருப்புப் பொட்டு மட்டும்தான். அதற்கு அந்தப் பக்கம் அவள் எப்படி நின்றாள் என்று அவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு கேட்கூடக் கோணவில்லை.

இயந்திரம் சத்தம் கொடுத்தது. கழுத்து நரம்பு துடித்ததை அவளுடைய உள்ளங்கை உணர்ந்தது. தலை ஆடவில்லை.

பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று வந்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ சுண்டிவிட்ட மாதிரி வலித்தது. பிடிக்கிற ஆள், பிடிக்கிற ஆள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். மூடவும் முடியாத, திரும்பவும் முடியாத கண்ணோடு மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்.

"முடிஞ்சுது" என்றாள் டாக்டர். "மூணு வரிசை, சுத்தமா வந்திருக்கு. கண்ணு தப்பிச்சுது. ரெண்டு பேரும் நல்லா வேலை பார்த்தீங்க. ஒரு வாரம் பாரம் தூக்காதீங்க, அடுத்த வெள்ளிக்கிழமை வந்து காட்டுங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வலது கண்ணுக்கு உலகம் கத்தரிப்பூ நிறத்தில் தெரிந்தது. காத்திருந்தவர்களில் ஒருவர், "எப்படி இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெல்டர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்போ... கேட் பிடிச்சியே. பயமா இருந்துச்சா உனக்கு?"

"பின்னே? தினமும்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலாம்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க தலையை ஆட்டிடுவீங்களே."

பதிலுக்கு ஆடப் போன தலையை வெல்டர் பாதியிலேயே நிறுத்தினார். நன்றாகத் தெரிகிற இடது கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு, "இப்ப சொல்லு" என்றார்.