பாதி வொயில் சீலை

மெல்ரோயின் கழுத்து ரையை றோஸ் மறுபடியும் நேராக்கிக்கொண்டிருந்தாள். அது நேராகத்தான் இருந்தது. சவப்பெட்டிக்குள் கிடக்கிற புருசனுக்குச் செய்ய வேறென்ன வேலை மிச்சம்? அப்போதுதான் பஹ்மியா படலையைத் திறந்துகொண்டு வருவதைக் கண்டாள்.

வரட்டும், எல்லாருக்கும் முன்னால் எப்படி அழுகிறாள் என்று பார்ப்போம் என நினைத்தாள்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு வானிலைக் கந்தோரின் மொட்டைமாடியில்தான் மெல்ரோய்க்கு வேலை. பொழுதுபட்டதும் வானத்துக்கு லேசர் விடுவான். பச்சை ஒளி மேலே போய்த் தூசியில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுக்கிற நேரத்தை வைத்து அந்தத் தூசி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவான். ஒளி முறுகித் திரும்பினால் பாலைவன மண், முறுகாமல் வந்தால் உருண்டை நீர்த்துளி. "அரேபியாவில இருந்து கச்சான் காத்தோட மண் வருது றோஸ், எங்கட தலைக்கு மேலால போகுது," என்று சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் கதைப்பான். அவளைப் பற்றி ஒருநாளும் அப்படி வாய் திறந்ததில்லை. அவன் சொல்வதில் பாதி அவளுக்கு விளங்காது. விளங்குகிற ஒருத்தி மாடியில் இருந்தாள். கிண்ணியாவிலிருந்து உதவியாளராக வந்து சேர்ந்த இந்தப் பஹ்மியாதான். அன்றிலிருந்து றோஸுக்கு வயிற்றெரிச்சல்.

வைகாசியில் ஒருநாள் அலுமாரியைத் திறந்தால், அவளுடைய நீல வொயில் சீலையில் பாதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். கலியாணத்துக்கு அடுத்த நாள் உடுத்த சீலை. தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆகியிருந்தது.

"கண்ணாடி துடைக்க எடுத்தனான்," என்றான் மெல்ரோய்.

வீட்டில் ஒரு கதிரையைத் தட்டிவிட்டு இருக்கத் தெரியாத மனுசன் கண்ணாடி துடைக்கிறாராம்! பாதிச் சீலை ஒருத்தியின் முக்காட்டுக்குக் கணக்காக இருக்கும் என்று றோஸின் மனம் சொன்னது. "ஆருக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். அவன் திகைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு சாப்பாட்டைப் போட்டு வைத்ததோடு சரி, அவள் அவனோடு கதைக்கவேயில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள், முந்தநாள் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான்.

பஹ்மியா பெட்டியின் கால்மாட்டில் வந்து நின்றாள். முக்காடு கபில நிறம். அதை முதலில் பார்த்துக்கொண்டாள் றோஸ். பஹ்மியா அழவில்லை. அதற்கும் றோஸுக்குக் கோபம் வந்தது.

"அக்கா," என்று மெல்லக் கூப்பிட்டு, கைப்பைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். "மெல்ரோய் சேர்ர மேசையில கிடந்திச்சு. உங்கட சாமான்."

நீல வொயில். உப்பும் அழுக்கும் ஏறிக் கறுத்திருந்தது.

"இது அங்க என்னத்துக்கு?"

"லேசர் போற யன்னல் கண்ணாடி துடைக்கத்தான் அக்கா. கடல் காத்தில உப்புப் படியும். கடைத் துணியால துடைச்சா நூல் ஒட்டிரும். 'என்ர மனிசியின்ர சீலை மாதிரி மெத்தெண்டு வேற ஒண்டுமில்ல' எண்டு சேர் சொல்லுவார். இந்தத் துணியில எங்களைக் கை வைக்கவும் விடமாட்டார்."

றோஸ் துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள். கண்ணாடி துடைக்கத்தான் எடுத்திருக்கிறான், பாவி. ஆனால் அந்த வசனத்தைத் தனக்குச் சொல்லாமல் இவளிடம் சொல்லியிருக்கிறானே! அதை நினைக்க வயிறு இன்னும் எரிந்தது.

பஹ்மியா தயங்கினாள். "அக்கா, சேர் பாத்துக்கொண்டிருந்த மண் இண்டைக்குப் பின்னேரம் வருது. கண்ணாடி துடைக்கவேணும். இந்தத் துணியை..." அவளுடைய கண்கள் நிரம்பின.

"ஏலாது."

சொன்ன சத்தத்தில் நாலுபேர் திரும்பிப் பார்த்தார்கள். றோஸ் விறுக்கென்று அறைக்குள் போனாள். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் மற்றப் பாதி இருந்தது. மடிப்புக் கலையாத அந்த நீலத்தைப் பஹ்மியாவின் கையில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோங்கோ. அது எனக்கு வேணும்."

பஹ்மியா தலையாட்டிவிட்டுப் போனாள். மெல்ரோயின் தம்பி சிறில் கிட்ட வந்தான்.

"மச்சாள், பெட்டியை மூடட்டோ?"

"கொஞ்சம் பொறுங்கோ."

சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அந்த அழுக்குத் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொருத்தியின் சென்ற் மணம் ஏதும் இருக்கிறதா என்று இப்போதும் தேடினாள். இன்னொருதரம் நன்றாக இழுத்து மணந்தாள். கடல் உப்பு மட்டும் மணத்தது.

"மூடுங்கோ," என்றாள்.