ஹாலில் எழும்பிய கிரானைட்டின் வயது

குறும்பொறை ஊரில் ஒரு வீட்டுக்குள் கிரானைட் எழும்பினால் அதை வகைப்படுத்த நிலவியல் துறையிலிருந்து என்னைத்தான் அனுப்புவார்கள். விதி எளிமையானது. கிரானைட் வீட்டைவிட மூத்தது என்றால் அந்த வீடு மலையாகிவிடும். குடியிருப்பவர்கள் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். இளையது என்றால் அது வீட்டில் பிறந்த பிள்ளை. குடும்ப அட்டையில் பெயர் சேர்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரலாம். இந்த வழக்கு வரும்வரை என் பதினொரு வருடப் பணியில் ஒருமுறைகூட டீ குடித்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினான்காம் எண் வீட்டுக்குப் போனேன். பிலோமினா பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே கட்டிய வீடு அது. அவர் கணவர் சூசைராஜ் நம்பிக்கை இழந்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

கிரானைட் ஹாலின் நடுவே, ஃபேன் வரைக்கும் வளர்ந்திருந்தது. இளஞ்சிவப்பு நிறம், இளஞ்சூடு. இயேசு படத்தை மறைக்காமல் சற்று ஒதுங்கியே எழும்பியிருந்தது. மரியாதை தெரிந்த பாறை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பரப்பளவு. நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டினால் பாத்தோலித், அதாவது பெரும்பாறைத் திரள் என்று எழுதுவோம். பன்னிரண்டுக்குப் பத்து ஹாலில் அதற்கு வழியில்லை. ஸ்டாக், அதாவது சிறு திரள் என்று எழுதினேன். அடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படிகங்கள் கொண்டைக்கடலை அளவுக்கு இருந்தன.

"இவ்வளவு பெரிய படிகம் வரணும்னா உருகின பாறை ரொம்ப மெதுவா ஆறியிருக்கணும். லட்சக்கணக்கான வருஷம் ஆகும்" என்றேன்.

சூசைராஜ் இன்னொரு சாக்கை எடுத்தார்.

"அது என்னாலதான் மேடம்" என்றார் பிலோமினா. "குளிருமேன்னு அஞ்சு வருஷமா கம்பளி போத்தி விடறேன். அதான் நிதானமா ஆறியிருக்கு."

வாய்ச் சாட்சி செல்லாது. ஆனால் கம்பளி பாறையின் மேலேயே கிடந்ததால் அதைப் பாறையின் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். கனமான கம்பளிதான்.

பிறகு சிர்கான் மணி. கிரானைட்டுக்குள் இருக்கும், மணலைவிடப் பொடியான அந்த மணிதான் அதற்குப் பிறப்புச் சான்றிதழ். கருவியில் வைத்தேன். ஐம்பத்தைந்து கோடி வருடம் என்று காட்டியது.

பிலோமினா சுவரில் கை வைத்துக்கொண்டார். "பதினெட்டு வருஷம் தைச்சுக் கட்டின வீடு மேடம். எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. அதோட, இதைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? கம்பளி யாரு போத்துவா?"

 பேனாவை மூடி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டேன். கிரானைட்டின் அடியைச் சுற்றி டைல்ஸ் உடைந்திருந்தது. வெட்டியது இளையது, வெட்டுப்பட்டது மூத்தது. எங்கள் படிப்பின் முதல் பாடமே இதுதான். பக்கவாட்டில் தடவிப் பார்த்தேன். தாமரைப்பூ போட்ட டைல்ஸ் துண்டு ஒன்றும் பாதி இட்லித் தட்டும் பாறைக்குள் புதைந்திருந்தன. விழுங்கப்பட்டது எப்போதும் விழுங்கியதைவிட மூத்தது.

"டைல்ஸ் எப்போ போட்டீங்க?"

"ஃபாதர் வந்து வீடு மந்திரிச்சதுக்கு முன்னாடி. ஆறு வருஷம் ஆச்சு" என்றார் சூசைராஜ்.

ஆக, கிரானைட்டுக்கு ஆறு வயது முடியவில்லை. சிர்கான் மணி உருகாமல் தாய்ப்பாறையிலிருந்து வந்து சேர்ந்திருக்கும். அம்மாவின் தோட்டைப் போட்டுக்கொண்டதற்காகக் குழந்தைக்கு அம்மாவின் வயது ஆகிவிடாது. 'பிள்ளை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூசைராஜ் சாக்கை அவிழ்த்து டீத்தூளைத் தேடினார். சர்க்கரை கொஞ்சம் அதிகம். எனக்கிருந்த சந்தோஷத்தில் இரண்டு டம்ளர் குடித்தேன்.

அன்று மாலையே தலைமையாசிரியை வந்தார். பழைய முறைப்படி, தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். கிரானைட் வெள்ளையாக ஒரு குவார்ட்ஸ் நரம்பை உச்சி வழியாக நீட்டி மறுபக்கம் இறக்கியது. தொட்டுவிட்டது. "கெட்டிக்காரப் பிள்ளை" என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். அது நடந்து பள்ளிக்குப் போக முடியாது என்பதால், மறுநாள் முதல் ஒன்றாம் வகுப்பே பதினான்காம் எண் வீட்டு ஹாலுக்கு நடந்து வந்தது. பிலோமினா சுற்றிச் சுற்றி அளவெடுத்து, மூன்று பீஸ் துணியில் சீருடை தைத்துப் போட்டார்.

செய்தி தூரத்து மலைத்தொடருக்கு எட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, நாற்பது கிலோமீட்டர் நீளமும் மேகமுமாக, அது அதே வீட்டு வாசலில் எழும்பியது. மறுபடியும் என்னை அனுப்பினார்கள்; ஊரே என் முன்னால் திரண்டுவிட்டது. மூத்தது என்று நான் எழுதினால் ஊர் முழுக்கச் சாக்கு கட்ட வேண்டும். பிலோமினா நூல்கண்டைக் கையில் இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

ரோட்டில் மண்டியிட்டேன். வியாழக்கிழமை மாலை போட்ட தார். இன்னும் வாசனை போகவில்லை. மலைத்தொடர் அதைப் பிளந்துகொண்டுதான் வந்திருந்தது.

"ஒரு நாள்கூட ஆகலை. பச்சைக் குழந்தை" என்றேன்.

"அண்ணன் ஜாடை அப்படியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பிலோமினா குடும்ப அட்டையை எடுத்து வந்தார். சூசைராஜ் தொட்டில் கட்ட உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்.

பத்து மணிக்குப் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியோடு நர்ஸ் வந்து, வாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். பிலோமினா தெற்குச் சரிவைக் காட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.