தாமதத்திற்கான காரணம்

என் கடைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. ‘வீடு உங்களுடையது என்று காட்டாமல் பூட்டு திறக்கப்பட மாட்டாது.’ பதினெட்டு வருடமாக இந்த விதியை யாருக்காகவும் நான் தளர்த்தியதில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று அழுதவர்களைக்கூட, பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஆமாம் என்று சொல்லும்வரை வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், முகம் தெரியாத ஒருவனுக்கு என் வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டேன். அதுவும் காலை பத்து மணிக்கு, தேநீர் குடித்துக்கொண்டே.

என் பணமாக இருந்திருந்தால் இவ்வளவு கூசியிருக்க மாட்டேன். அந்தக் கணக்கில் இருந்ததில் முக்கால்வாசி என் மச்சினனுடையது.

அவன் என் மனைவிக்குத் தம்பி. வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். போன வருடம், பாக்கி கட்டாவிட்டால் இன்றைக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவோம் என்று அவன் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பதறிப்போய் அதில் இருந்த லிங்க்கைத் தொட்டான். கையிருப்பு மொத்தமும் போனது. அன்றிலிருந்து அவனுக்கு நான் வைத்த பெயர் ‘வள்ளல்’. கல்யாண வீடோ, பிறந்த நாளோ, அவன் தலை தெரிந்தால் போதும், “வாங்க வள்ளலே, இன்னைக்கு யாருக்கு என்ன தானம்?” என்று ஆரம்பித்துவிடுவேன். புதிதாக வந்தவர்களுக்கு முழுக் கதையையும் நடித்தே காட்டுவேன். கடைசியில் ஒரு வரி வைத்திருந்தேன். “பணம் போனது காலைல. என்கிட்ட வந்து சொன்னது மத்தியானம். நடுவுல மூணு மணி நேரம் துரை எங்க போனார் தெரியுமா? காத்து வாங்கப் போயிருந்தார்!” எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பான்.

“என் தம்பியச் சொல்லிச் சொல்லி உங்களுக்கு வாய் வலிக்கலியா?” என்று மனைவி கேட்பாள். எனக்கு வலித்ததே இல்லை.

அதோடு விட்டேனா? “உன் கையில பணம் தங்காது. இனிமே சேர்க்கிறதை என் கணக்குல போட்டு வை” என்று சொன்னதும் நான்தான். மறுபேச்சு பேசாமல் மாதாமாதம் போட்டான். தோள்பட்டை தேய்ந்து, ஏணியில் ஏறிக் கையைத் தூக்க முடியாமல் போயிருந்தது அவனுக்கு. ஒரு சின்னப் பெயிண்ட் கடையை எடுத்து நடத்தலாம் என்று முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். வரும் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியது.

அன்று திங்கள்கிழமை. கடை திறந்ததும் ஒரு குறுஞ்செய்தி. என் கணக்கில் சந்தேகமான நடமாட்டம், விவரங்களைச் சரிபார்க்கவும் என்று இருந்தது. அதில் இருந்த லிங்க்கைத் திறந்து, கேட்டதையெல்லாம் நிரப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. வங்கியிலிருந்து என்றான். பேச்சில் அவ்வளவு பணிவு.

“ஐயா என்ன தொழில் பண்றீங்க?”

“பூட்டு, சாவி.”

“அப்ப உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். உங்க கணக்குக்கு யாரோ கள்ளச்சாவி போட்டுட்டாங்க. உடனே பூட்டை மாத்தணும். ஆனா ஒண்ணு, உங்க ரகசிய எண்ணை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டகூட.”

அந்த ‘என்கிட்டகூட’வில் நான் விழுந்தேன். இவ்வளவு கறாராகப் பேசுகிறவன் எப்படித் திருடனாக இருப்பான்? நம்மைப் போல ஒருத்தன் என்று நினைத்துவிட்டேன். ஆறு இலக்கத்தில் இப்போது ஒரு எண் வரும், அது ரகசிய எண் இல்லை, பூட்டு மாற்றுவதற்கான எண் என்றான். வந்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதையும் படித்தேன். அது திருடர்களை மனதில் வைத்துச் சொன்னது, வங்கிக்காரனுக்குப் பொருந்தாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, எண்ணை ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். “ரொம்பத் தெளிவாச் சொல்றீங்க ஐயா” என்று பாராட்டு வேறு.

பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கால் பங்கு பணம் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

என்ன நடந்தது என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று இன்றைக்கு நான் சொன்னால் அது பொய். வங்கி அட்டையின் பின்பக்கம் இருந்த உதவி எண்ணை மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் காதுபட நான் என்ன சொல்வது? பூட்டுக்காரன் ஏமாந்துவிட்டான் என்றா? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். வீட்டில் மனைவி கேட்பாள். வள்ளல் கேட்பான். எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்றுகூட யோசித்தேன். போனை மேசை இழுப்பறைக்குள் போட்டு, கண்ணில் படாதபடி மூடினேன்.

அப்புறம் சாவி வெட்டினேன். வேறு என்ன செய்ய? பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சாவியைத் தவறாக வெட்டினேன். அதை வாங்கிப் போன பெரியவர் திரும்பி வந்து, கோபப்படாமல், “பரவாயில்லை, உங்ககிட்ட குடுத்தா பயமில்லாம இருக்கலாம்” என்றார். முகத்தை நிமிர்த்தவே முடியவில்லை. பித்தளைத் தூளைத் துடைக்கும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

இழுப்பறையைத் திறந்தபோது மணி மூன்று. ஒன்றரைக்கு இன்னொரு செய்தி வந்திருந்தது. மீதிப் பணமும் போயிருந்தது.

கடையைப் பூட்டினேன். வள்ளல் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஜன்னல் கம்பிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. பாதி சொல்வதற்குள் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு என் போனை வாங்கினான்.

“எப்ப அத்தான்?”

“இப்பத்தான்” என்றேன். அந்த நேரத்திலும் பொய்.

அவனே உதவி எண்ணை அழுத்தினான். என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பாடமாக இருந்தது. கணக்கை முடக்கச் சொன்னான், புகார் எண்ணைத் தன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டான். பிறகு, “அரை மணி நேரம்தான் இருக்கும் சார்” என்றான். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அவன் என்னைப் பார்த்தான். “பத்து பத்தா? காலையிலயா?” என்று கேட்டுவிட்டு, “சரி சார்” என்று வைத்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டு, “பேங்க் மூடறதுக்குள்ள போயிடலாம் வாங்க” என்றான்.

கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தே பேசினாள். “நீங்க குடுத்த எண்ணை வச்சு உங்க கணக்கை அவங்க போன்ல ஏத்திக்கிட்டாங்க. புதுப் போன்ல முதல்ல கொஞ்சம்தான் எடுக்க முடியும். மூணு மணி நேரம் கழிச்சுத்தான் மீதி.”

“ஏன் மேடம் அப்படி?” என்றேன்.

“அந்த மூணு மணி நேரம் உங்களுக்காகத்தான் சார் வச்சிருக்கோம். நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டாவது தடவை போயிருக்காது.”

திரும்பக் கிடைக்குமா என்று வள்ளல் கேட்டான். முயற்சி செய்வோம், உறுதி சொல்ல முடியாது என்று ஒரு படிவத்தை நீட்டினாள். ஓரத்து மேசைக்குப் போனோம். அவனே பேனாவை எடுத்து நிரப்பினான்.

“சாவி வெட்டற மெஷினை வித்தாவது உன் பணத்தை...” என்று ஆரம்பித்தேன்.

“முதல்ல இதை முடிப்போம் அத்தான்.”

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. ‘தாமதத்திற்கான காரணம்.’

“போன்ல சார்ஜ் இல்லைன்னு போட்டுடலாம்” என்றான்.

“வேண்டாம். வெட்கம்னு எழுது.”

அவன் எழுதவில்லை.

“போன வருஷம் நான் சார்ஜ் இல்லைன்னுதான் எழுதினேன்.”

“ஏன், இருந்துச்சா?”

“நிறைய இருந்துச்சு. உங்க கடைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புலதான் உக்காந்திருந்தேன். கடையில ஆள் போகட்டும், அப்புறமா வந்து சொல்லலாம்னு பார்த்தேன். ஆள் போனாங்க. அப்பவும் என்னால எழுந்திருக்க முடியல.”

மூன்று மணி நேரம். ஒரு வருடமாக நான் நடித்துக் காட்டிய அதே மூன்று மணி நேரம்.

“அப்படி யாருக்குப்பா பயந்த?” என்றேன். பதில் தெரிந்தும் கேட்டேன்.

“உங்களுக்குத்தான் அத்தான்.” அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பேனாவை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டத்தில் ‘வெட்கம்’ என்று நானே எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. படிக்க முடிகிறதா என்று அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“புரியுது அத்தான்” என்றான்.