சத்தமில்லாமல் பொருத்திய பெடல்

மலைச்சாலைக் கார்ப் போட்டிகளில் பல வருடம் ஓட்டியவள் நான். உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை. போன வருடம் பரணிலிருந்து பழைய ஃபேனை இறக்கப் போய், ஸ்டூல் சரிந்து வலது கணுக்கால் முறிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். எந்த யானை ஸ்டூலில் ஏறியது என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எலும்பு கூடியது. கணுக்கால் மட்டும் முன்போலத் திரும்ப மறுத்தது. நடக்க அது போதும், போட்டிக்குப் போதாது. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது வலது காலுக்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலை. முன்பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க, குதிகால் திரும்பி ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் இன்ஜின் வேகம் ஏறி, கீழ் கியர் குலுங்காமல் விழும். தட்டாவிட்டால் பின்சக்கரம் வழுக்கும். வளைவில் அது விளையாட்டில்லை.

என் வீட்டுக்காரர் மெக்கானிக். "கால் திரும்பலன்னா விடு, பெடல உன் காலுக்கு மாத்திடலாம்" என்றார். ஆக்ஸிலரேட்டரின் மேல் அகலமான தகடு ஒன்றைப் பொருத்தி, அதைப் பிரேக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அடியில் வாஷர்களைக் கொடுத்து உயரத்தையும் கூட்டினார். இனிக் குதிகாலைத் திருப்ப வேண்டியதில்லை. பிரேக்கை மிதித்தபடி பாதத்தின் வெளி ஓரத்தைச் சாய்த்தாலே போதும்.

அவருடைய வொர்க்ஷாப் கடைத்தெருவில் இருக்கிறது. என் கார் மட்டும் வீட்டுக்கு அடியில் ஷெட்டில் நிற்கும். மேலே என் மாமியார் தூங்குவார். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் அவர். பகல்தான் அவருக்கு ராத்திரி. அதனால் பகலில் ஷெட்டில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஸ்பானர் கை நழுவினால்கூட என் வீட்டுக்காரர் அதை மடியில் ஏந்திக்கொள்வார். காரைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வோம். பார்ப்பவர்கள் திருட்டு வண்டி என்று நினைத்திருப்பார்கள்.

ஷெட்டில் எல்லாம் அமர்க்களமாக வந்தது. கிளட்ச், பிரேக், ஓரச் சாய்வு, கியர். ரோட்டுக்குப் போனதும் கதை வேறு. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தால் இன்ஜின் உறுமி, வண்டி நிற்பதற்குப் பதிலாக முன்னால் பாய்ந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"பயம் இருக்கத்தான் செய்யும். அடிபட்ட காலாச்சே" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்குப் பயமில்ல."

"பயப்படறது தப்பில்லம்மா."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் அன்பாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றது. ஷெட்டில் ஒழுங்காக வேலை செய்கிற கால் ரோட்டில் ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை? பயம்தான் என்று நானே நம்ப ஆரம்பித்தேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "தம்பி, ஞாயித்துக்கிழமை போட்டிக்கு நீயே ஓட்டிடு."

"நெஜமாவா அண்ணி?" என்றான். அந்தச் சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. நான் வண்டி ஓட்டும்போதெல்லாம் ஓரமாக நின்று கைதட்டியவன் அவன்.

அன்று மத்தியானம் ஷெட்டில் காருக்குள் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னலில் குனிந்து, என்னைக் கேட்காமல் ஏன் போன் போட்டாய் என்றார். பதிலுக்கு நானும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலே மாமியார் தூங்குகிறாரே, மொத்தச் சண்டையும் கிசுகிசுப்பாகத்தான் நடந்தது. கோபத்தில் என் கால் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தது.

மாமியார் தலையை முடிந்தபடி இறங்கி வந்தார். "கத்திச் சண்ட போட்டா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன். இப்படிக் குசுகுசுன்னு பேசினா, என்ன பேசறீங்கன்னு காது இழுக்குது. அப்புறம் எங்க தூங்கறது?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் என்னையே பார்த்தார். "ஓட்டாட்டிப் போ. நான்தான் முழிச்சாச்சே, ஆசைக்கு ஒரு தடவ இங்கயே ஸ்டார்ட் பண்ணிக்கோ."

பிரேக்கில் கால் இருந்தபடியே சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உயிர் பெற்றதும் பாதத்துக்கு அடியில் பிரேக் பெடல் மெத்தென்று கீழே இறங்கியது. பாதத்தின் ஓரம் பக்கத்துத் தகட்டில் போய் உட்கார்ந்தது. ஷெட்டே அதிர இன்ஜின் உறுமியது.

ரோட்டில் கேட்ட அதே உறுமல். ஆனால் இங்கே வளைவும் இல்லை, பள்ளமும் இல்லை. பயப்பட இருந்தது மாமியார் மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இன்ஜின் ஓடினால்தான் மிதிக்கிற காலுக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும், அப்போதுதான் பெடல் நன்றாக இறங்கும். ஓடாதபோது அது கட்டை மாதிரி விறைத்து மேலேயே நிற்கும். அந்தக் கட்டையின் உயரத்துக்குத்தான் தகட்டை ஏற்றி வைத்திருந்தார். வொர்க்ஷாப்புக்கு வரும் வண்டிகளில் அவர் முதலில் சோதிப்பதே இதைத்தான்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம்" என்றார் மாமியார். உடனே முகம் வாடிவிட்டது. "அப்போ என் தூக்கத்தாலதானா இவ்வளவும்?"

"இல்ல அத்த, உங்க புள்ளையோட பாசத்தால."

"உனக்குப் பயம்னு சொல்லிட்டேனே" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கால் என்னைக் கைவிடவில்லை என்பதே அப்போது போதுமாக இருந்தது.

இன்ஜின் ஓட, நான் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, அவர் கீழே படுத்து வாஷர்களைக் கழற்றினார். அழுத்திய பிரேக்கும் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கிளம்பினோம். மாமியாரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வளைவு வந்தது. மிதித்தேன், ஓரத்தைச் சாய்த்தேன், கியர் விழுந்தது. ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லை.

"கியர எப்ப மாத்தப் போற?" என்றார் மாமியார்.

"மாத்திட்டேன் அத்த."

திரும்பி வந்தால் ஷெட் வாசலில் கொழுந்தன் புது ஷூவோடு நிற்கிறான். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, பெடலை மிதித்துப் பார்த்தான். அவனுடைய பெரிய பாதம் இரண்டு பெடலையும் சேர்த்து அமுக்கியது.

"என் காலுக்கு ஒத்து வரலையே. அண்ணே, இந்தத் தகடக் கழட்டிடலாமா?"

என் வீட்டுக்காரர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

"வேண்டாம் தம்பி. ஞாயித்துக்கிழமை நானே ஓட்டறேன்."

கொழுந்தன் குனிந்து தன் புது ஷூவைப் பார்த்தான். பிறகு இறங்கி, உள்ளே குனிந்து, தான் தள்ளிய சீட்டை முன்னால் இழுத்தான்.

"உங்களுக்கு இவ்வளவு போதுமா அண்ணி?"

"இன்னும் கொஞ்சம் இழு" என்றேன்.