மூன்று தலைக்கு ஒரே மூச்சு

அவளுக்குத் தொழில் குரல் கொடுப்பது. பிறமொழிப் படங்களில் வருகிற கொடுமைக்கார மாமியார், கோர்ட்டில் மிரட்டுகிற வக்கீலம்மா, பேய் பிடித்த பெரியம்மா என்று எல்லோரும் தமிழ் பேசுவது அவள் தொண்டையால்தான். அதனால் டப்பிங் ஸ்டுடியோக்களில் அவளுக்கு ‘மாமியார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கல்யாணமே செய்துகொள்ளாமல் இப்படி ஒரு பட்டம் கிடைத்ததில் அவளுக்கே சிரிப்புதான்.

அன்றைய வேலை ஒரு கார்ட்டூன் தொடர். கிரேக்கப் புராணக் கதைகள். வசனம் எழுதி டப்பிங்கையும் நடத்துகிற மேடம் போனில், “உங்களுக்கு நாய் வேஷம், பரவாயில்லையா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மாமியாருக்கு அப்புறம் நாயா? பதவி உயர்வுதான்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஸ்டுடியோவின் கனத்த கதவைத் தள்ளியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. உள்ளே மைக் முன்னால் அவளுடைய அண்ணன் நின்றிருந்தான். கூடப் பிறந்தவன். இருவரும் பேசிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

காரணம் ஒரு படம். வருஷக்கணக்காகக் கிழவிகளுக்கே பேசிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு கதாநாயகி கிடைத்தாள். டப்பிங் பொறுப்பு அண்ணனுடையது. உயிரைக் கொடுத்துப் பேசினாள். படம் வந்ததும் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு தியேட்டரில் போய் உட்கார்ந்தாள். கதாநாயகி வாயைத் திறந்தாள். வந்தது அண்ணன் மகளின் குரல். தயாரிப்பாளர் இளம் குரலாகக் கேட்டாராம், கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்களாம். அதையும் யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அண்ணன் மூச்சு விடவில்லை. அன்றைக்கு அறுந்த பேச்சு.

இது எதுவும் மேடத்துக்குத் தெரியாது. அவர் உற்சாகமாகத் திரையைக் காட்டினார். கரிய மலைபோல ஒரு நாய் படுத்திருந்தது.

“இதுதான் செர்பரஸ். பாதாள உலகத்து வாசல்ல காவல். மூணு தலை, ஒரே உடம்பு. செத்தவங்க உள்ள வரலாம், யாரும் வெளிய போகக் கூடாது. அவ்வளவுதான் இதோட வேலை.”

“எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கு?” என்று கேட்டான் ஜூ. அவன்தான் மூன்றாவது தலை. யானை முதல் எலி வரை எல்லாக் குரலிலும் கத்துவான் என்பதால் மிருகக்காட்சி சாலை என்று அழைத்து, அது நீளமாக இருக்கிறதென்று ஜூ ஆக்கிவிட்டார்கள்.

“ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே இதைப் பானையில வரைஞ்சிருக்காங்க. அப்புறம் கவிஞர்கள் விடல, ஓவியர்கள் விடல, சிற்பிகள் விடல. இப்போ கார்ட்டூன்காரங்க கையில மாட்டியிருக்கு.”

“பாவம், ரிட்டயர்மென்ட்டே கிடையாதா?” என்றான் ஜூ.

அவள் மேடத்தைத் தனியே கூப்பிட்டு, “மூணு பேரையும் தனித்தனியா எடுத்துச் சேர்த்துக்கலாமே,” என்றாள். சரியென்று அப்படியே எடுத்தார்கள். போட்டுக் கேட்டால் பஸ் நிலையத்தில் மூன்று தெருநாய்கள் கத்துகிற மாதிரி இருந்தது. மேடம் உதட்டைப் பிதுக்கினார்.

“தலைதான் மூணு. நெஞ்சு ஒண்ணு. மூச்சு சேரவே இல்ல. ஒண்ணா நின்னு பேசுங்க.”

ஜூ நடுவில் நின்றான். இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் அவள். இரண்டு பேரும் திரையைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை.

காட்சி இதுதான். யாரோ நாயை ஏமாற்ற ஒரு தேன் அப்பத்தை வீசிவிட்டுப் போகிறார்கள். தலைகள் அதற்காக அடித்துக்கொள்கின்றன. வசனத்தாளில் ‘சண்டை’ என்று மட்டும் இருந்தது. வாயசைவுக்குப் பொருத்தமாக அவர்களே பேசிக்கொள்ளலாம் என்றார் மேடம். சிவப்பு விளக்கு எரிந்தது.

“அப்பம் எங்க போச்சு?” என்று ஆரம்பித்தான் ஜூ.

அவள் ஒரு உறுமல் உறுமினாள். அதற்குப் பிறகு வந்தது அவள் யோசித்து வைத்த வரி இல்லை.

“எனக்குன்னு வந்த அப்பம். வாய் வரைக்கும் வந்துச்சு. பிடுங்கி வேற வாயில போட்டுட்டாங்க.”

இடப்பக்கத் தலை ஒரு கணம் தடுமாறியது. “மேலிடத்து உத்தரவு. இளசான வாய்க்குக் குடுக்கச் சொன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்?”

“குடுத்ததை யாரு கேட்டா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? ஊரையே கூட்டிக்கிட்டுத் தட்டோட போய் உக்காந்தேனே.”

“சொன்னா அழுவேன்னு பயந்தேன்.”

“சொல்லாததால சிரிச்சேனா?”

ஜூவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இருபுறமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடுத்தலையின் குரலில் முனகினான். “நீங்க ரெண்டு பேரும் இழுக்கற இழுப்புல என் கழுத்து சுளுக்கிக்கிச்சு. யாரு தின்னாலும் ஒரே வயித்துக்குத்தானே போகுது?”

அப்போது திரையில் யாழிசை கேட்டது. பாடகன் ஆர்ஃபியஸ் வருகிறான். இசை கேட்டு நாயின் காதுகள் தொங்குகின்றன. ஆறு கண்களும் சொக்குகின்றன. மூன்று தலையும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்க வேண்டும். அண்ணன் மூச்சை உள்ளே இழுத்தான். சிறுவயதில் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவளுக்கு அந்த மூச்சு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியாதா? அவளும் இழுத்தாள். ஜூ சேர்ந்துகொண்டான். ஒரே நெஞ்சிலிருந்து வந்ததுபோல அந்தப் பெருமூச்சு இறங்கிக் குறட்டையாக முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் பட்டனை அழுத்தினார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. “சண்டை பிரமாதம். ஒண்ணே ஒண்ணு. பாதாளத்து வாசல்லயே கிடக்கற நாய்க்கு ஏது ஊரு? அந்த வரி மட்டும் இன்னொரு தடவை.”

முதலில் சிரித்தது அண்ணன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் கோபமாகவே இருக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அந்த ஒரு வரியை எடுக்க ஐந்தாறு டேக் ஆயிற்று.

“ஆர்ஃபியஸோட மனைவி யூரிடிசிக்கு மட்டும் குரல் பாக்கி,” என்றார் மேடம், தாள்களை அடுக்கிக்கொண்டே. “பாம்பு கடிச்சுச் செத்துப்போன பொண்ணு. இவன் பாட்டுல மயங்கிப் பாதாளத்துக்காரங்க அவளைத் திருப்பி அனுப்பறாங்க. வெளிய போற வரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு நிபந்தனை. பார்த்துடறான். அவ மறுபடியும் இருட்டுக்குள்ள போயிடறா. அந்த ஒரு நொடியை எத்தனை பேர் வரைஞ்சிருக்காங்க, எத்தனை பேர் பாடியிருக்காங்க தெரியுமா? ஆனா அவளுக்கு ஒரே ஒரு வரிதான்.”

“இவ பேசட்டும்,” என்றான் அண்ணன்.

“மாமியாரா? அது சின்னப் பொண்ணு சார்.”

“கேட்டுப் பாருங்க மேடம். அதுக்கப்புறம் சொல்லுங்க.”

அவள் மைக் முன்னால் போய் நின்றாள். தாளில் ‘விடைபெறுகிறேன்’ என்று இருந்தது. சொன்னாள். சரியாகத்தான் இருந்தது, ஆனால் மேடைப் பேச்சை முடிக்கிற மாதிரி இருந்தது. மேடத்துக்கும் அது தெரிந்தது. “நானே மூணு தடவை மாத்தி எழுதிட்டேன். எதுவும் ஒட்டல,” என்று ஒப்புக்கொண்டார்.

மறுபடி காட்சியை ஓட்டினார்கள். அவன் திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பெண்ணின் முகம் மங்குகிறது. உதடு லேசாக அசைகிறது.

“போயிட்டு வரேன்,” என்றாள்.

மேடம் மெதுவாகக் கேட்டார். “அவ இனிமே வர மாட்டாளே?”

“தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் போறேன்னு எப்படிச் சொல்லுவா?”

சவுண்ட் இன்ஜினியர் அதைத் திரும்பப் போட்டார். இருபது வயதுப் பெண்ணின் குரல், பதறாத குரல். மேடம் தாளில் இருந்ததை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டார். ஜூ மூக்கை உறிஞ்சிவிட்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

மாடிப்படியில் இறங்கும்போது அண்ணன் இரண்டு படி பின்னால் வந்தான்.

“என் பொண்ணு உன்னைப் பாக்கவே பயப்படறா.”

“ஏன், அவ என்ன பண்ணா? கூப்பிட்டாங்க, போய்ப் பேசினா. நல்லாவும் பேசியிருந்தா. அதுவும் அந்த ஆஸ்பத்திரி சீன்.”

அண்ணன் நின்றுவிட்டான். “அது கடைசியிலதானே வரும்? முழுப் படமும் பார்த்தியா?”

“பின்ன? அத்தனை பேரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டுப் பாதியில எழுந்து வர முடியுமா? அழுதுகிட்டே பார்த்தேன். படம் அவ்வளவு சோகமான்னு பக்கத்து வீட்டம்மா கேட்டாங்க.”

கீழே வந்ததும் அவன் பைக் சாவியைத் தேடினான். சட்டைப் பை, பேன்ட் பை, கைப்பை எல்லாம் தேடினான்.

“நிதானமாத் தேடு,” என்றபடி அவள் வண்டியின் பின்சீட்டைத் துடைத்தாள். “அவ இப்போ வீட்டுலதானே இருப்பா?”