கட்டிலுக்கடியில் நாலு பேட்டரி

விடியும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. பேட்டரிக்காரன் முதலில் ஒருக்களித்தான், பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான், அப்புறம் கட்டில் காலைப் பற்றிக்கொண்டு கிழவனைப் போல எழுந்தான். இடது புட்டத்தில் ஆரம்பித்த வலி கெண்டைக்கால் வரைக்கும் கம்பி இழுத்தது. குனிய முடியாததால் செருப்பைக் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டான். படகு படகாக ஏறி ஈய பேட்டரி தூக்கிய இடுப்பு. படகு பேட்டரி என்றால் கார் பேட்டரி மாதிரி கைப்பிடியில் தூக்கிக்கொண்டு நடக்கிற சாமான் இல்லை. ஒவ்வொன்றும் வளர்ந்த ஆள் கனம். அதுவும் நின்று தூக்குகிற இடத்தில் எவனும் வைப்பதில்லை. கனமெல்லாம் படகின் அடியில் இருந்தால்தான் படகு ஆடாது என்று, மனுஷன் புழுவாக நெளிந்தால்தான் போக முடிகிற பொந்தில் கொண்டுபோய் வைப்பார்கள்.

பொந்துக்குள் போவதற்கு இப்போது மாப்பிள்ளை இருந்தான். தங்கச்சி புருஷன். ஒல்லி. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு பல வருஷம் புகையைக் குடித்தவன். பட்டறையை மூடியதும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். தங்கச்சி வந்து, "உன் கூட வச்சுக்க அண்ணே, நாலு நாள் வீட்ல இருந்தா பைத்தியம் பிடிச்சிடும் அவருக்கு" என்றாள். வைத்துக்கொண்டான். வாயாடி, ஆனால் வேலைக்கு வணங்குகிற உடம்பு. எந்தப் பொந்துக்கும் முகம் சுளிக்கமாட்டான். டீசல் கொட்டிக் கிடந்தாலும், கக்கூஸ் தொட்டி கசிந்து கிடந்தாலும் பாட்டுப் பாடிக்கொண்டே தலையை உள்ளே விடுவான்.

ஏன் சுளிக்கவில்லை என்பது பேட்டரிக்காரனுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் பேட்டரிக் கடையில் மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒயர் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பஞ்சு மெத்தை மேல் சரிந்து, மெத்தை கருகிக்கொண்டிருந்தது. தெருவில் வந்த பேட்டரிக்காரனுக்கே நெடி அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் விரலை நக்கிக்கொண்டு, "வா மச்சான், சாப்பிட்டியா?" என்றான். அன்றைக்குப் புரிந்தது. இவன் மூக்கு செத்துப்போய்விட்டது. பெயின்ட் தின்றுவிட்டது. பேட்டரி வேலையில் மூக்கு கைக்குச் சமம். எது வேகிறது, எது கசிகிறது என்று மூக்குதான் முதலில் சொல்லும். மூக்கில்லாதவனைப் பொந்தில் இறக்கக்கூடாது. ஆனால் முகம் சுளிக்காத ஆள் வேறு எங்கே கிடைப்பான்? பேட்டரிக்காரன் மெத்தையில் தண்ணீர் ஊற்றினான், ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ படகு பார்த்தாகிவிட்டது.

இன்றைய படகு பல் டாக்டருடையது. தொழிலை விட்டுவிட்டு, வீட்டையும் விற்றுவிட்டு, மனைவியோடு பாய்மரப் படகிலேயே குடியேறிவிட்ட மனுஷன். காற்று திரும்பியதும் நெடும்பயணம் கிளம்ப வேண்டும். பேட்டரி நாலும் பின்னறைக் கட்டிலுக்கடியில், இஞ்சினுக்குப் பின்னால். ராத்திரி விளக்கு, திசை காட்டுகிற கருவி, ரேடியோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் அதில்தான் ஓடவேண்டும்.

எந்த பேட்டரி போடுவது என்பதிலேயே போன வாரம் ஒரு பொழுது போயிற்று. டாக்டர் முதலில், கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்றார்.

"பல்லுன்னா ஆடுறதை மட்டும் புடுங்கலாம் டாக்டர்" என்றான் மாப்பிள்ளை. "இது நாலும் ஒரே தட்டுல சாப்பிடுற ஜாதி. புதுசு ஒண்ணைக் கொண்டுவந்து உட்கார வச்சீங்கன்னா, பழசு மூணும் சேர்ந்து அதைத் தின்னுடும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியானால் லித்தியம் போடலாம், கனமும் குறையும், நெட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். கனம் குறையும் என்றதும் பேட்டரிக்காரனின் இடுப்பு ஆமாம் ஆமாம் என்றது. ஆனாலும் உள்ளதைச் சொன்னான். "நல்ல சாமான்தான். ஆனா அது இழுக்கிற இழுப்புக்கு உங்க இஞ்சின்ல கரண்ட் எடுக்கிற ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். சார்ஜர், ஒயர் எல்லாத்தையும் மாத்தணும். அரைகுறையா மாட்டினா, அதுக்கு ஒண்ணு பிடிக்கலைன்னா தானா அணைஞ்சுக்கும். நடுக்கடல்ல அணைஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க?"

அதுவரைக்கும் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "இருட்டுல என்னைத் தனியா விடாத பேட்டரி எது? அதைப் போடுங்க. இவர் படிச்சது போதும்." ஈயமே முடிவாயிற்று. நாலும் புதுசு.

காலையில் படகுத்துறைக்கு வந்தபோது கடல் ஏறியிருந்தது. அதுதான் கணக்கு. படகுகள் கட்டியிருக்கிற மிதவை தண்ணீரோடு ஏறி இறங்கும். கடல் நிரம்பியிருக்கும்போது கரைக்கும் மிதவைக்கும் இடையில் உள்ள பாலம் சமமாகக் கிடக்கும், ஒரு குழந்தைகூடத் தள்ளுவண்டியைத் தள்ளிப் போகலாம். மத்தியானம் தண்ணீர் வற்றிவிட்டால் அதே பாலம் ஏணி மாதிரி நின்றுவிடும். ஆள் கனத்தில் நாலு ஈயத்தை அந்த ஏற்றத்தில் தள்ளுவதை நினைத்ததுமே பேட்டரிக்காரனுக்குக் கெண்டைக்கால் இழுத்தது. மத்தியானத்துக்குள் பழசு நாலும் கரைக்குப் போயாக வேண்டும்.

படகுக்குள் இறங்கியதும் அழுகின முட்டை நெடி முகத்தில் அடித்தது.

"கக்கூஸ் தொட்டிப்பா" என்றாள் டாக்டரம்மா. "ஒரு வாரமா இதே நாத்தம். குழாய்க்காரர் வந்து குழாயெல்லாம் புதுசா மாத்திட்டார். போகவே மாட்டேங்குது. நாங்க முன்னறையிலதான் படுக்கிறோம்."

பேட்டரிக்காரன் பின்னறை மெத்தையைத் தூக்கி நிறுத்திவிட்டு, கட்டில் பலகையில் உள்ளங்கையை வைத்தான். பலகை, அடுப்பு மேடை மாதிரி சுட்டது. கக்கூஸ் தொட்டிக்குக் காய்ச்சல் வருமா? உள்ளே ஒரு பேட்டரியில் செல் செத்திருக்கிறது. சார்ஜருக்கு அது தெரியாது. பசி பசி என்று கத்துகிற பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மொத்தமும் வெந்து நாறுகிறது. அந்த ஆவி விஷம். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும்.

"சார்ஜரை அணைக்கச் சொன்னேனே டாக்டர்?"

"உன்னைப் பார்த்ததும் அணைச்சுட்டேன். ஃப்ரிட்ஜ்ல இவளோட ஊசி மருந்து இருக்கு, அதான்..."

செய்ய வேண்டியது என்ன என்பது அவனுக்கு மனப்பாடம். மேல்மூடிகளையெல்லாம் திறந்துவிட்டு, மின்விசிறியைப் பொந்துக்குள் காட்டி ஊதவிட்டு, பலகை ஆறுகிறவரைக்கும் கரையில் போய் உட்கார வேண்டும். மத்தியானம் ஆகிவிடும். பாலம் ஏணியாகிவிடும். அவன் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தான். மிதவைத் தூணில் ஈரக்கோடு ஒரு விரற்கடை தெரிய ஆரம்பித்திருந்தது.

பலகையைக் கழற்றினான். நெடி கண்ணைக் கரித்தது.

"மாப்ள, வாசனை எப்படி இருக்குன்னு பாரு."

ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டர் காதில் விழட்டும் என்று இருக்கலாம். மாப்பிள்ளை பொந்துக்குள் தலையை நீட்டி, சத்தமாக மூக்கை உறிஞ்சிக் காட்டினான். நாடகக்காரன்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டான்.

"லேசாத்தான் இருக்கு மச்சான். கக்கூஸ் வாசனை. இதுக்கெல்லாம் பயந்தா பொழப்பு நடக்குமா?"

"அப்ப இறங்கு" என்றான் பேட்டரிக்காரன். "சட்டுனு முடி. தண்ணி இறங்குது."

முதல் பேட்டரி வந்தது. மாப்பிள்ளை உள்ளிருந்து பட்டையைக் கட்டித் தள்ள, பேட்டரிக்காரன் மேலிருந்து இழுக்க, டாக்டர் கதவை மறைத்துக்கொண்டு உதவி செய்தார். இரண்டாவதும் வந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மாப்பிள்ளை, "தலை லேசா கிண்ணுனு இருக்கு, உன் தங்கச்சி போட்ட காபி அப்படி" என்று கண்ணடித்துவிட்டு மறுபடி நெளிந்து உள்ளே போனான். மூன்றாவதுதான் செத்தது. வயிறு உப்பிப்போய், பக்கத்துச் சுவருக்கும் இதற்கும் நடுவில் இறுகியிருந்தது. "மாசமா இருக்கா மச்சான் இவ" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கம்பியால் நெம்புகிற சத்தம். பேட்டரியின் கூடு விரிசல் விடுகிற சத்தம். பிறகு கம்பி கீழே விழுந்தது.

"மாப்ள."

பட்டை அவன் கையில் தளர்ந்து கிடந்தது.

"டேய் மாப்ள!"

மூச்சை அடக்கிக்கொண்டு பொந்துக்குள் பாதி உடம்பை விட்டான். கைக்குக் கிடைத்தது ஒரு கணுக்கால். இழுத்தான். இடுப்பில் ஏதோ அறுந்தது, கண்ணில் பூச்சி பறந்தது, விடவில்லை. டாக்டர் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னறையில் வந்து விழுந்தார்கள். மாப்பிள்ளையின் உதடு ஈயத்தின் நிறத்தில் இருந்தது. பல் டாக்டர் அவன் வாயில் வாய் வைத்து ஊதினார். டாக்டரம்மா போனைப் பிடித்துக்கொண்டு, படகுத்துறையின் பேரைச் சொல்லத் தெரியாமல் படகின் பேரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் பேட்டரிக்காரனைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் ஓடுகிறது, மூளைக்கு எவ்வளவு நேரம் காற்று போகவில்லை என்று சொல்ல முடியாது, கண் திறந்தால்தான் எதுவும் தெரியும் என்றார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "அந்த வாயு ரொம்பச் சேர்ந்துட்டா மூக்கு மரத்துடும். நல்ல மூக்குக்கே தெரியாது. நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அவன் தலையை ஆட்டினான். பொந்தின் வாயிலேயே கண்ணைக் கரித்த நெடி இன்னும் அவன் சட்டையில் இருந்தது.

தங்கச்சி வேலை செய்கிற இடத்துத் துணியோடேயே ஓடி வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாயோடு கிடந்தவனைப் பார்த்தாள். அழவில்லை. பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவனால் சரியாக உட்கார முடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும். என்னை அடிச்சாலும் பரவாயில்ல."

"என்னம்மா?"

"அவருக்கு மூக்குல வாசனை தெரியாது. பட்டறையில இருக்கும்போதே போயிடுச்சு. பால் தீஞ்சு வீடெல்லாம் புகையா நிக்கும், அவர் பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உங்கிட்ட சொன்னா வேலைக்கு வச்சுக்கமாட்டேன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன். அவர் சொல்றேன் சொல்றேன்னுதான் இருந்தார். நான்தான் வாயைக் கட்டிட்டேன். தெரிஞ்சிருந்தா நீ உள்ள விட்டிருக்கமாட்டே இல்ல?"

நடைபாதையில் ஒருத்தி வாளியைத் தள்ளிக்கொண்டு போனாள். பேட்டரிக்காரன் அந்த வாளியின் சக்கரம் திரும்புவதையே பார்த்தான். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டே வார்த்தைதான்.

"நல்ல மூக்கா இருந்தாலும் தெரிஞ்சிருக்காதாம்" என்றான். "டாக்டர் சொன்னார். நீ மனசைப் போட்டு அலட்டிக்காத."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான் சொன்னார்."

அவள் முகத்தில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். அந்தக் கனத்துக்கே இடுப்பு கத்தியது, அவன் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் மாப்பிள்ளையின் நெஞ்சைத் தூக்கியது, விட்டது, மறுபடி தூக்கியது. சாயங்காலம் நர்ஸ் வந்து ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம் என்றபோது தங்கச்சி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனை நன்றியோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்கும் தெரியும்மா, தெரிஞ்சுதான் இறக்கினேன் என்பதை அவன் அவளிடம் சொல்லவேண்டியிருந்தது. அது பாக்கி.